வாரண்டி இருக்கு, மோட்டார் ஓடல: கடைக்காரர் ‘காத்திருங்க’ என்றால் சட்டம் என்ன சொல்கிறது?

“பாராங் பெலும் சம்பாய் லா, போஸ்.”

புது மோட்டாரை சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். சாமான் இன்னும் வரவில்லை. எப்போது வரும்? தெரியாது. யாரைக் கேட்பது? எச்.கியூ.வைக் கேளுங்கள். எச்.கியூ.வைக் கேட்டால்? “டீலர்கிட்டயே பேசுங்க.”

போன வருஷம் என் தம்பிக்கு நடந்தது இதுதான். 150 சிசி மோட்டார், வாங்கி எட்டு மாதம், 7,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் அணையும், இன்ஜின் நிற்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒருமுறை நின்றது. பின்னால் லாரி வரவில்லை, அதுவரை நல்லது. முதல் தடவை கடைக்குப் போனபோது பேட்டரி முனையை இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை, “செக் பண்ணியாச்சு, ஓகே.” மூன்றாம் தடவைதான் வயரிங் முழுக்க மாற்ற வேண்டும், சாமானுக்கு ஆர்டர் போட வேண்டும் என்றார்கள். அதன் பிறகு ஐந்து வாரம் மோட்டார் கடையிலேயே நின்றது. வேலைக்குப் போக வாடகைக் கார் காசு ஒரு பக்கம், ஓடாத மோட்டாருக்கு மாதத் தவணை இன்னொரு பக்கம்.

இது தம்பி வீட்டுக் கதை மட்டும் இல்லை. மலேசியாவில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய பாதி மோட்டார் சைக்கிள்கள். நிறைய வீடுகளில் இருக்கிற ஒரே வண்டி அதுதான். அது நின்றால் வேலை நிற்கும், உணவு டெலிவரி செய்பவர் என்றால் அன்றைய சம்பளமே நிற்கும்.

பலரும் வாரண்டி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ‘இதுக்குமேல ஒன்னும் பண்ண முடியாது போல’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் புத்தகம் கம்பெனி தானாகத் தரும் வாக்குறுதி. சட்டம் தரும் உரிமை அதற்கு வெளியே தனியாக இருக்கிறது.

வாரண்டி வேலை ஏன் கடைசியில் தள்ளப்படுகிறது?

கடைக்காரர் எல்லாரும் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. வாரண்டி வேலை நடக்கிற முறையைப் பார்த்தால் தாமதம் எங்கே பிறக்கிறது என்று தெரியும்.

உங்கள் மோட்டாருக்குப் பின்னால் பொதுவாக மூன்று தரப்பு இருக்கிறது. வண்டியை விற்ற டீலர், அந்த பிராண்டை நாட்டில் விநியோகிக்கும் நிறுவனம், கடன் கொடுத்த வங்கி அல்லது கிரெடிட் கம்பெனி. வாரண்டி கொடுப்பது பெரும்பாலும் விநியோக நிறுவனம். பழுது பார்ப்பது டீலர். டீலரின் ஃபோர்மேன் பழுதைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, பழைய பாகத்தைப் பத்திரப்படுத்தி, கிளேம் அனுப்ப வேண்டும். நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் புதுப் பாகம் இலவசமாக வரும், கூலியும் வரும். அந்தக் கூலி வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்த தொகை. பழுதைத் தேடுவதற்கே இரண்டு மணி நேரம் போனாலும் அது ஏறுவது அபூர்வம். கிளேம் நிராகரிக்கப்பட்டால் கடைக்குக் கைநஷ்டம்.

அதே நேரம், வாசலில் ஒருவர் காசு கொடுத்து எண்ணெய் மாற்ற நிற்கிறார். யாருடைய வண்டி முதலில் மேடை ஏறும்?

எப்போதாவது வந்து போகும் பழுது, அதுவும் மின்சார சம்பந்தமான பழுது என்றால் இன்னும் மோசம். கடையில் ஸ்டார்ட் செய்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். “பிரச்னை ஒன்னும் இல்லையே” என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால்தான், பழுது வரும்போதே கைப்பேசியில் பதிவு செய்து வைப்பது நல்லது. ஓட்டும்போது வேண்டாம், ஓரமாக நிறுத்திவிட்டு.

புத்தகம் என்ன சொல்லும்?

இங்கே விற்கும் சிறிய மோட்டார்களுக்கு வாரண்டி பெரும்பாலும் இரண்டு வருடம் அல்லது 20,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. டெலிவரி வேலை செய்பவர் அந்த 20,000-ஐ ஒரு வருடத்துக்குள்ளேயே தொட்டுவிடலாம். பிரேக் பேட், செயின், டயர், பல்பு போன்ற தேயும் சாமான்கள் பொதுவாக வாரண்டியில் வராது. பேட்டரிக்குத் தனியாக, குறைந்த காலமே இருக்கும். குறிப்பிட்ட கிலோமீட்டரில் சர்வீஸ் செய்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டினால் வாரண்டி கிடையாது என்ற வரியும் சில புத்தகங்களில் இருக்கும். டெலிவரி ஓட்டுநர்கள் வாங்கும் முன்பே அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

அப்புறம் மாடிஃபை. எக்ஸாஸ்ட் மாற்றியாச்சு, பிளாக் பெரிசு பண்ணியாச்சு, ஈசியூ மாற்றியாச்சு, பிறகு பிஸ்டன் போச்சு என்றால் கிளேம் கிடைப்பது கஷ்டம். கிடைக்காமல் போவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எக்ஸாஸ்ட் மாற்றிய ஒரே காரணத்துக்காக, மீட்டர் பழுதுக்கும் கிளேம் இல்லை என்று சொன்னால் விடாதீர்கள். “நான் மாற்றின சாமானால்தான் இந்தப் பழுது வந்ததா? எப்படி?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

புத்தகத்தில் இல்லாத உரிமை

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்தான் இங்கே முக்கியம். அதன் 32-வது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது, அதன் வேலைக்குப் பொருந்த வேண்டும், சின்னச் சின்னக் குறைகள் இருக்கக்கூடாது, பாதுகாப்பாக இருக்க வேண்டும், நாளாகவும் உழைக்க வேண்டும். இந்த உத்தரவாதம் தவணையில் வாங்கிய மோட்டாருக்கும் உண்டு. பழைய மோட்டாருக்கும் உண்டு, ஆனால் அதன் வயதையும் விலையையும் பார்த்துத்தான் தரத்தை எடை போடுவார்கள்.

37-வது பிரிவு ஸ்பேர் பார்ட்ஸ் பற்றியது. பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி விற்பவரும் தயாரிப்பாளரும் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். அப்படி எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை என்று வாங்கும்போதே உங்களிடம் தெரிவித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. தயாரிப்பாளர் ஜப்பானிலோ தைவானிலோ இருக்கிறார், இங்கே அலுவலகம் இல்லை என்றாலும் தப்ப முடியாது. அந்த நிலையில் இறக்குமதி செய்பவரையும் விநியோகிப்பவரையும் சட்டம் ‘தயாரிப்பாளர்’ என்றே கருதும். ஆக, ‘பாராங் பெலும் சம்பாய்’ என்பது சட்டத்தின் பார்வையில் காரணம் ஆகிவிடாது, கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

‘இந்தக் கடையில் சட்ட உத்தரவாதம் செல்லாது’ என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. ஒப்பந்தம் போட்டு இந்தச் சட்டத்தை ஓரங்கட்ட முடியாது என்று 6-வது பிரிவு சொல்கிறது.

சரி, பழுது இருக்கிறது. அடுத்து என்ன கேட்கலாம்? சரிசெய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தரும்படி விற்றவரைக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், அசட்டையாக விட்டால், அல்லது அந்தக் காலத்துக்குள் சரிசெய்ய முடியாமல் போனால் உங்களுக்கு இரண்டு வழி. வேறு இடத்தில் பழுது பார்த்து, நியாயமான செலவை அவரிடம் கேட்கலாம். இல்லையென்றால் மோட்டாரே வேண்டாம் என்று நிராகரித்து, பணத்தையோ மாற்று வண்டியையோ கேட்கலாம். இதனால் உங்களுக்கு ஏற்பட்ட, முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டத்துக்கும் ஈடு கேட்கலாம். தம்பியின் வாடகைக் கார் ரசீதுகள் இங்கேதான் உதவும். நல்லவேளை, செயலியில் எல்லாம் பதிவாகியிருந்தது.

நிராகரிக்கும் உரிமை மட்டும் காத்திருக்காது. குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டே இருந்தால் அது கைநழுவும்.

‘நியாயமான காலம்’ என்றால் எத்தனை நாள்?

சட்டம் நாள் கணக்கு சொல்லவில்லை. இதுதான் இதில் பெரிய தலைவலி. 14 நாளா, 30 நாளா, மூன்று தடவை பழுது பார்த்த பிறகா என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு வழக்கிலும் அதை வாதாடித்தான் காட்ட வேண்டும்.

பக்கத்திலேயே சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் ‘லெமன் சட்டம்’ இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். இங்கேயும் அப்படித் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே நடக்கிறது. இப்போதைய சட்டத்தில் குறையைக் காட்டும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

அதனால் காகிதம்தான் எல்லாம். ஒவ்வொரு தடவை மோட்டாரை விடும்போதும் ஜாப் ஷீட் கேளுங்கள். ‘ஜெனரல் செக்’ என்று எழுத விடாதீர்கள். ‘ஓடும்போது இன்ஜின் நிற்கிறது, மீட்டர் அணைகிறது’ என்று நீங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொல்லுங்கள். தேதி, கிலோமீட்டர், திரும்ப எடுத்த தேதி, என்ன செய்தார்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். தம்பியிடம் முதல் இரண்டு தடவைக்கு ஒரு காகிதமும் இல்லை. “அஞ்சு நிமிஷ வேலைதானே அண்ணே, சீட்டு எதுக்கு” என்று கவுண்டரில் சொன்னார்களாம், இவனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். மூன்றாம் தடவைக்குப் பிறகு, முன்பு வந்த இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு கடைக்கு வாட்ஸ்அப் அனுப்ப வைத்தோம். “ஆமாம், ஞாபகம் இருக்கு” என்று பதில் வந்தது. அந்த ஒரு வரி போதுமான சாட்சி.

கோபத்தில் தவணையை நிறுத்தலாமா?

வேண்டாம். மோட்டார் ஓடாததற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதாகப் படலாம். ஆனால் கடன் கொடுத்தவருக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு தனி. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு வண்டியைப் பறிமுதல் செய்ய 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் இடம் தருகிறது. அப்புறம் வாரண்டி சண்டையோடு கடன் சண்டையும் சேர்ந்துவிடும். தவணையைக் கட்டிக்கொண்டே, பிரச்னையை வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள். சட்டப்படி கடன் முடியும்வரை அந்த மோட்டாரின் சொந்தக்காரர் அவர்கள்தான்.

ஐந்து ரிங்கிட்டில் ஒரு வழக்கு

முதலில் டீலருக்கும் விநியோக நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். என்ன பழுது, எத்தனை தடவை, எந்தத் தேதிகள், எந்த நாளுக்குள் தீர்வு வேண்டும். அதற்கும் அசைவில்லை என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடமும் வழி கேட்கலாம்.

அடுத்தது பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா. விண்ணப்பக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். 2019-இல் சட்டம் திருத்தப்படும்வரை இது 25,000-ஆக இருந்தது. நீங்கள் சிறிய மோட்டார் வைத்திருந்தால் இந்த வரம்பு தாராளம். இணையம் வழியாகவும் பதியலாம். பிரச்னை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, எதிர்த்தரப்புக்கும் அதே கதைதான். அதனால் கம்பெனியின் பெரிய வக்கீல் படை வந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. மன்றம் தரும் தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம்.

படிவம் நிரப்பும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெயர்ப்பலகையில் இருக்கும் கடைப் பெயரை எழுதிவிடுவார்கள். இன்வாய்ஸில் வேறு ஒரு செண்டிரியான் பெர்ஹாட் பெயர் இருக்கும். இன்வாய்ஸில் உள்ள பெயரும் பதிவு எண்ணும்தான் வேண்டும்.

ஒரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பழுதால் விபத்து நடந்து காயமோ மரணமோ ஏற்பட்டால், அந்த இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. அது நீதிமன்றத்துக்குப் போகும் விஷயம், அதற்கு வக்கீலைப் பாருங்கள். பிரேக், இன்ஜின் நின்றுபோவது மாதிரி ஆபத்தான பழுது என்றால், சாமான் வரும்வரை ‘மெதுவா ஓட்டிக்கோங்க’ என்று கடையில் சொன்னாலும் ஓட்டாதீர்கள்.

தம்பி மன்றம்வரை போகவில்லை. நிரப்பிய படிவத்தின் நகலைக் கடிதத்தோடு சேர்த்து இரண்டு தரப்புக்கும் அனுப்பினான். ஐந்து வாரமாக வராத வயரிங் செட் ஒன்பதாவது நாள் வந்து சேர்ந்தது. எந்தக் கப்பலில் வந்ததோ தெரியவில்லை. வாடகைக் கார் காசுக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. மூன்று ஆண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று படிவத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.