முன்னூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் மூடியிருந்த வாசல்

இலங்கை வரலாற்றைத் தேடிப் படிப்போர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற பெயரைக் கட்டாயம் சந்திப்பர். 1845 இல் இங்கு குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்தவர். 1859 இல் எமது நாட்டைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டவர். இவர் எங்கே படித்தார் என்று பார்த்தபோது டிரினிட்டி கல்லூரி என்றிருந்தது. எனக்குத் தெரிந்த டிரினிட்டி கண்டியில் இருப்பதுதான். இது அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் இருக்கும் வேறொரு டிரினிட்டி. டெனன்டைத் தேடிப் போன நான் அவரை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கல்லூரியின் கதையை வாசிக்கத் தொடங்கிவிட்டேன். பெண்கள் கல்லூரி ஒன்றில் படிக்கும் எமக்கு அதில் அறிய வேண்டியது நிறைய உண்டு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1592 மார்ச் மாதம் முதலாம் எலிசபெத் மகாராணியார் வழங்கிய பட்டயத்தினால் இக்கல்லூரி உருவாயிற்று. முன்பு கிறிஸ்தவத் துறவியர் மடம் ஒன்று இருந்து கைவிடப்பட்ட காணியை டப்ளின் நகரசபை அதற்குக் கொடுத்தது. அக்காலத்தில் அந்த இடம் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. அதனால் கல்லூரியின் முழுப் பெயரில் ‘டப்ளினுக்கு அருகே’ என்றொரு சொல் உண்டு. இன்று அது நகரின் நட்டநடுவில் இருக்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போல டப்ளினிலும் பல கல்லூரிகள் சேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்று வளரும் என்றுதான் எண்ணினார்கள். இரண்டாவது கல்லூரி வரவே இல்லை. ஆகவே டப்ளின் பல்கலைக்கழகம் என்றாலும் டிரினிட்டி கல்லூரி என்றாலும் நடைமுறையில் ஒன்றுதான்.

இங்கிலாந்தின் புரட்டஸ்தாந்து ஆட்சி, பெரும்பான்மையினர் கத்தோலிக்கராக இருந்த ஒரு நாட்டில் நிறுவிய கல்லூரி இது. அதன் விளைவை இரு நூற்றாண்டுகள் அனுபவித்தார்கள். கத்தோலிக்கர் அங்கே படித்துப் பட்டம் பெற 1793 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரும் கல்லூரியின் உயர் பதவிகளும் புலமைப் பரிசில்களும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1873 இல்தான் சமயத் தடை முற்றாக நீங்கியது. வேடிக்கை என்னவென்றால், கல்லூரி கதவைத் திறந்த பிறகு கத்தோலிக்கத் திருச்சபை தன் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டது. தன் பிள்ளைகள் அங்கே படிக்கக் கூடாது என்ற திருச்சபையின் தடை 1970 வரை நீடித்தது.

இந்த இடத்தில் என்னை வியக்க வைத்த ஒருவரைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நிருவாக சேவைக்குச் செல்ல விரும்பிய ஐரிஷ் இளைஞர்கள் போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தமாகவே, 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் டிரினிட்டியில் கீழைத்தேய மொழிகளைக் கற்பிக்க ஏற்பாடாயிற்று. அரபு இலக்கணம் படிப்போருக்கு நன்கு அறிமுகமான வில்லியம் ரைட் 1856 முதல் 1861 வரை அங்கே அரபுப் பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின் வந்தவர் மீர் அவ்லாத் அலி. வட இந்தியாவின் அவத் பகுதியிலிருந்து சென்ற முஸ்லிம். 1861 முதல் 1898 இல் காலமாகும் வரை அரபு, பாரசீகம், ஹிந்துஸ்தானி ஆகியவற்றை டப்ளினில் கற்பித்தார். அவர் பாடம் எடுத்த அந்த 37 ஆண்டுகளில் அவர் முன்னே ஒரு மாணவிகூட அமர்ந்ததில்லை. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த ஒருவர் ஆசிரியராக நுழைந்த வாசலில், அடுத்த தெருவில் பிறந்த பெண் பிள்ளை மாணவியாக நுழைய முடியவில்லை.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஆன் ஜெலிக்கோ என்ற குவேக்கர் குடும்பத்துப் பெண்மணி, ஏழைப் பெண்களுக்குத் தையல் வேலையும் தொழிற்பயிற்சியும் கொடுப்பதில் தொடங்கியவர். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அடிப்படைக் கல்வியே போதாது என்பதைக் கண்டார். 1866 இல் டப்ளினில் அலெக்சாண்ட்ரா கல்லூரியை நிறுவினார். டிரினிட்டியின் பேராசிரியர்கள் அங்கே வந்து விரிவுரை நடத்தினார்கள். அதாவது பேராசிரியர் வாசலைத் தாண்டி வரலாம், மாணவி வாசலைத் தாண்டிப் போகக்கூடாது!

பின்னர் 1879 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அயர்லாந்து றோயல் பல்கலைக்கழகம் தோன்றியது. அது பாடம் நடத்தவில்லை, பரீட்சை மட்டுமே நடத்தியது. எமது நாட்டில் வெளிவாரிப் பட்டம் என்கிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஆணா பெண்ணா என்று அது பார்க்கவில்லை. 1884 இல் ஒன்பது பெண்கள் அதன் பட்டத்தைப் பெற்றார்கள். அயர்லாந்தின் முதல் பட்டதாரிப் பெண்கள் அவர்களே. அவர்களுள் ஒருவரான அலிஸ் ஓல்ட்ஹம் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. பாடசாலை ஆசிரியைகளை ஒன்றுதிரட்டி டிரினிட்டியின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1892 இல் கல்லூரி தனது முந்நூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒப்பமிட்ட மனு நிருவாகத்திடம் சென்றது.

மனுவுக்குக் கிடைத்த மறுப்பில் ஒரு காரணம் விசித்திரமானது. ஒரு பெண் வாயிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதன்பின் அவள் எந்தக் கட்டடத்துக்குள், எந்த அறைக்குள் போகிறாள், எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று கண்காணிக்க முடியாதாம். பெண்களால் படிக்க முடியாது என்று அவர்கள் இங்கே சொல்லவில்லை. காவற்காரனால் முடியாது என்றுதான் சொன்னார்கள்.

அப்போது கல்லூரித் தலைவராக இருந்தவர் ஜோர்ஜ் சால்மன். கூம்பு வெட்டுகள் பற்றி நூல் எழுதிய பெரிய கணித அறிஞர். தன் பிணத்தைத் தாண்டித்தான் பெண்கள் உள்ளே வர முடியும் என்று அவர் சொன்னதாக இன்றும் டப்ளினில் கதை உண்டு. உண்மையில் கடைசிக் காலத்தில் அவர் எதிர்ப்பைக் கைவிட்டு இணங்கியிருந்தார். ஆனால் காலம் கதைக்குத் துணைபோயிற்று. 1904 ஜனவரி 22 இல் அவர் இறந்தார், அதே ஆண்டில் மாணவியர் உள்ளே வந்தனர். முதல் மாணவியான இசபெல் மேரியன் வியர் ஜோன்ஸ்டன் பரீட்சை எழுத டப்ளினுக்கு வந்தபோது சால்மனின் மரணச் சடங்குக்காகப் பரீட்சை தள்ளிப்போயிருந்தது என்றும் சொல்வார்கள்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அப்போது பெண்கள் எல்லாப் பாடங்களையும் படித்து, பரீட்சையில் சித்தியும் அடைவார்கள், ஆனால் பட்டம் கிடையாது. ஒக்ஸ்போர்ட் 1920 இலும் கேம்பிரிட்ஜ் 1948 இலும்தான் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தன. இந்த மூன்று பல்கலைக்கழகங்களுக்குமிடையே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒன்றில் தகுதி பெற்றவர் மற்றொன்றிலும் அதே தகுதியைப் பெறலாம் என்பதே அது. டிரினிட்டி பெண்களை ஏற்றவுடன் அந்த வழக்கம் அவர்களுக்கும் பொருந்தியது. ஏதோ சிலர் வருவார்கள் என்று டப்ளின் எண்ணியிருக்கும். 1904 முதல் 1907 வரை ஏறத்தாழ 700 பேர் நீராவிக் கப்பலேறி வந்தார்கள்! கட்டணத்தைக் கட்டி, கறுப்பு அங்கியை அணிந்து, பட்டத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கப்பலேறினார்கள். பின்னாளில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் குடும்பக் கொடுப்பனவுக்காகப் போராடிய எலினர் ராத்போனும் அவர்களுள் ஒருவர். ‘நீராவிக் கப்பல் சீமாட்டிகள்’ என்று இவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர்கள் செலுத்திய கட்டணம் வீணாகவில்லை. அந்தப் பணத்தின் உதவியோடு 1908 இல் மாணவியருக்கென டிரினிட்டி ஹோல் என்ற விடுதி அமைந்தது.

விடுதி கல்லூரி வளவுக்கு வெளியே, சில கிலோமீற்றர் தள்ளி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிவாசல் திறந்ததும் உள்ளே இருந்த சிறு வாசல்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. மாலை 6 மணிக்கு மாணவியர் வளவை விட்டு வெளியேற வேண்டும். பெரிய மண்டபத்தில் நடக்கும் இராப்போசனத்தில் அவர்களுக்கு இடமில்லை. புகழ்பெற்ற விவாத மன்றங்களில் உறுப்புரிமை இல்லை. 1960களின் பிற்பகுதி வரை இவையெல்லாம் ஏதோ ஒரு வடிவில் நீடித்தன. 1944 இல் பிரான்சஸ் மொரான் என்ற பெண்மணி சட்டத்துறையின் மிக உயர்ந்த பேராசிரியர் பதவிக்கு வந்த பின்னரும், கல்லூரியின் ஆட்சியில் பங்குள்ள ‘ஃபெலோ’ பதவி 1968 வரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை. வளவுக்குள் தங்குவதற்கு அறை கிடைத்தது 1972 இல்.

இந்த ஆறு மணிச் சட்டத்தை என் உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப்பட்டவர் அவர். “ஆறு மணிக்குப் பொறகு பொத்தகத்துல எழுத்து அழிஞ்சா போகும் மகள்?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த நிருவாக சபையினருக்கும் தெரிந்திருக்காது.

1904 ஐ மட்டும் பாடப் புத்தகத்தில் எழுதிவிட்டு நகர்வது எளிது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அனுமதிக்கும் அறை கிடைத்ததற்கும் இடையே 68 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் படித்தவர்கள், மாலையில் நடக்கும் கலந்துரையாடல்களையும் நட்புகளையும் வாசலில் விட்டுவிட்டுப் பாடக் குறிப்புகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனவர்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2021 இல் பொறியியலாளரான லிண்டா டொய்ல் கல்லூரித் தலைவரானார். 429 ஆண்டுகளில் அந்தக் கதிரையில் அமர்ந்த முதல் பெண் அவர்.

அக்கல்லூரியின் பழைய நூலகத்தில் ‘நீண்ட அறை’ என்று ஒரு மண்டபம் இருக்கிறது. 1732 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறக்குறைய 65 மீற்றர் நீளம், அங்கே இரண்டு இலட்சம் பழம் நூல்கள் இருந்தன. கெல்ஸ் சுவடி என்ற ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமையான ஓவியச் சுவடியும் இந்த நூலகத்துக்கே சொந்தம். அந்த அறையின் இருமருங்கிலும் அறிஞர்களின் பளிங்குச் சிலைகள் வரிசையாக நிற்கும். நாற்பதும் ஆண்கள். 2023 பெப்ரவரியில்தான் நான்கு பெண்களின் சிலைகள் அங்கே சேர்ந்தன. மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், அடா லவ்லேஸ், அகஸ்டா கிரகரி, ரொசலிண்ட் பிராங்ளின் என்போரே அந்த நால்வர். இவர்களில் ஒருவரும் டிரினிட்டியில் படித்தவர் அல்லர். முதல் மூவரும் இளம் வயதினராய் இருந்த காலத்தில் படித்திருக்கவும் முடியாது. நால்வரில் இளையவரான பிராங்ளின் 1941 இல் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தார். அங்கே பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைக்க அப்போது இன்னும் 7 ஆண்டுகள் இருந்தன. கப்பலேறி டப்ளினுக்குப் போய் வாங்கும் வழியோ 1907 இலேயே அடைபட்டிருந்தது.