மூளைக் கட்டி ஆபரேஷன்: பாதியில் நிறுத்தி மறுபடியும் ஸ்கேன் எடுப்பது ஏன்?

எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. கட்டி எங்கே இருக்கு என்பதும் தெரிஞ்சாச்சு. பிறகு ஆபரேஷன் நடக்கும்போதே எதற்கு இன்னொரு ஸ்கேன்? மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளை கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதுதான் காரணம்.

மூளை நகருமா?

ஆமாம். மூளையைச் சுற்றியுள்ள திரவம் வடியும். கட்டியை எடுக்க எடுக்க அந்த இடம் காலியாகும். இதனால் மூளை சில மில்லிமீட்டர் சரியும். சில சமயம் 1 செ.மீ.க்கு மேலும் போகும். டாக்டருக்கு வழிகாட்டும் நேவிகேஷன் கருவியோ முன்பு எடுத்த ஸ்கேனைத்தான் நம்பியிருக்கும். ரோடு மாறிய பிறகும் பழைய மேப்பைப் பார்த்து வண்டி ஓட்டுவது மாதிரி.

சில மி.மீ.தானே, என்ன ஆபத்து?

'கிளையோமா' வகைக் கட்டிகளுக்குத் தெளிவான எல்லை கிடையாது. ஓரப்பகுதி, பார்வைக்கு நல்ல மூளை போலவே இருக்கும். குறைவாக எடுத்தால் மிச்சக் கட்டி வளரும். கூடுதலாக எடுத்தால் பேச்சோ, கை கால் அசைவோ போகலாம்.

எப்படி எடுக்கிறார்கள்?

கட்டியை எடுத்துவிட்டதாக டாக்டர் கருதும் கட்டத்தில், திறந்த பகுதியை கிருமி நீக்கிய துணியால் மூடுவார்கள். காந்தம் இழுக்கும் என்பதால் உலோகக் கருவிகளை எண்ணிப் பார்த்து அகற்றுவார்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளியை மேசையோடு ஸ்கேனருக்குள் கொண்டு போவார்கள். சில ஆஸ்பத்திரிகளில் ஸ்கேனரே நோயாளியிடம் வரும். மிச்சம் தெரிந்தால், புதிய படத்தை வைத்து ஆபரேஷன் தொடரும்.

பலன் உண்டா?

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 49 பேரிடம் நடந்த ஆய்வு 2011ல் வெளியானது. இப்படி ஸ்கேன் எடுத்த 24 பேரில் 23 பேருக்கு, படத்தில் தெரிந்த கட்டி முழுசாக அகற்றப்பட்டது. எடுக்காத 25 பேரில் 17 பேருக்கே அது சாத்தியமானது.

எல்லா இடத்திலும் ஏன் இல்லை?

செலவு அதிகம், தனி அறை வேண்டும், ஆபரேஷன் நேரமும் நீளும். அதனால் பல இடங்களில் அல்ட்ராசவுண்ட் பயன்படுகிறது. '5-ஏ.எல்.ஏ.' மருந்தும் உண்டு. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்க வைத்தால், நீல ஒளியில் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும்.

அப்போ கட்டி திரும்ப வராதா?

அப்படிச் சொல்ல முடியாது. எந்த ஸ்கேனிலும் தெரியாத செல்கள் மூளைக்குள் பரவியிருக்கலாம். அதனால்தான் தீவிர வகைக் கட்டிகளுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகும் கதிர்வீச்சு, கீமோ சிகிச்சைகள் தொடர்கின்றன.