பிடித்த அணி

சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தண்டியலங்காரம் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பொருளணி 35 என்று தொகை கூறி, தன்மையணியை விளக்கி முடித்த வேளையில், கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயாவுக்குப் பிடித்த அணி எது?" என்று மிகுந்த பணிவோடு வினவினான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பண்டிதருக்குத் துடுப்பாட்டப் பித்து உண்டென்பது எங்கள் பாடசாலையில் யாவரும் அறிந்த இரகசியம். "பாடம் முடியட்டும், சொல்லுகிறேன்" என்று கூறி அவனை அமர்த்தினேன். மணி அடித்துவிட்டது. வினா மட்டும் என்னோடு வீடு வந்து சேர்ந்தது.

அணி என்னுஞ் சொல் அழகையுங் குறிக்கும், ஆபரணத்தையுங் குறிக்கும், நிரையையுங் குறிக்கும், படைவகுப்பையுங் குறிக்கும். பதினொருவர் கூடி ஆடும் கூட்டத்துக்கு அப்பெயரைச் சூட்டிய தமிழறிஞர் யாவரோ, அவர் வாழ்க! பண்டிதம் கற்றவனுக்குப் பந்தாட்டம் எதற்கு என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் சிலர் இந்நாட்டில் உளர். அவர்கட்கு விடை கூறும் நோக்கம் எனக்கில்லை. என் நெஞ்சில் நாற்பது ஆண்டுகட்கு மேலாகக் குடியிருக்கும் ஓர் அணியைப்பற்றியும், அதனால் நேர்ந்த ஒரு மனத்தாங்கலைப்பற்றியுமே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

1982 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியபோது நான் சிறுவன். ஆட்டம் நிகழ்ந்தது கொழும்பில், தமிழ் யூனியன் கழகத்தின் சரவணமுத்து அரங்கில். அப்பெயரே எனக்கு முதற் கவர்ச்சி. வானொலிப் பெட்டியின் அருகே இருந்த என் தந்தையார் அன்று மகாதேவா சதாசிவத்தின் கதையைச் சொன்னார். 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் அத்தமிழர். இவ்வாறு ஆட்டம் அறியுமுன்பே எனக்கு ஓர் அணி வாய்த்துவிட்டது.

மட்டக்களப்பாருக்கு இது புதியதன்று. எங்கள் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என இரு கட்சி உண்டு. வடசேரி கோவலனுடையது, தென்சேரி கண்ணகியுடையது என்பர். எவரும் ஆராய்ந்து சேரியைத் தேர்வதில்லை. பிறந்த குடி எதுவோ அதுவே அவர் சேரி. வளைந்த மரக்கொம்பிரண்டைக் கொளுவி, வடங்கட்டி இருபாலாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றார். வென்றவர் வசைபாடுவர், தோற்றவர் பொறுத்துக்கொள்வர். ஈற்றில் இரு சேரியாரும் மழை வேண்டியும் பிணி நீங்க வேண்டியும் கண்ணகையம்மன் சந்நிதியில் ஒன்றாய் நிற்பர்.

இனி, என் மாணவன் கேட்டவாறே அணியிலக்கணம் கூறுவேன். 1996 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற அணியே என் உள்ளத்தில் என்றும் நிற்பது. அதில் ஒவ்வொருவரும் எனக்கு ஓர் அலங்காரமாகவே தோன்றுவர்.

அரவிந்த டி சில்வா தன்மையணி. ஒரு பொருளின் இயல்பை உள்ளவாறே உரைப்பது அவ்வணி. அவர் துடுப்பில் வலிந்து செய்தது யாதொன்றும் இல்லை. கல்கத்தாவில் நிகழ்ந்த அரையிறுதியில் தொடக்க வீரர் இருவரும் முதற் பந்துப் பரிமாற்றத்திலேயே வீழ்ந்தனர். பின்வந்த அரவிந்த, வீட்டு முற்றத்தில் உலாவுவார்போல ஆடி, 47 பந்தில் 66 ஓட்டம் எடுத்தார்.

சனத் ஜயசூரிய அதிசய அணி. உலக வரம்பைக் கடவாமல் ஆன்றோர் வியக்கக் கூறல் வேண்டும் என்பது அதற்கு இலக்கணம். மாத்தறை தந்த இம்மகனோ வரம்பையும் சிலவேளை கடந்தார். பைசலாபாத்துக் காலிறுதியில் இங்கிலாந்தின் பந்துவீச்சை 44 பந்தில் 82 ஓட்டமாக்கினார். அடுத்த ஆண்டு கொழும்பில் இந்தியாவுக்கு எதிராகத் தனியொருவராய் 340 குவித்தார். அன்று இலங்கை 6 இலக்குக்கு எடுத்த 952 ஓட்டத்தை டெஸ்ட் வரலாற்றில் வேறெந்த அணியும் எட்டியதில்லை.

சமிந்த வாஸ் நிரல்நிறை. சொல்லையும் பொருளையும் வரிசை பிறழாது நிறுத்துவது அது. பந்து விழவேண்டிய இடம், திரும்பவேண்டிய திசை, வீழவேண்டிய மனிதர், யாவும் அவரிடம் நிரலே நிற்கும்.

அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவோ தீவகம். ஓரிடத்து வைத்த விளக்கு மனை முழுதும் ஒளிசெய்தல்போல, ஓரிடத்து நின்ற சொல் செய்யுள் முழுதும் சென்று பொருள் தருவது தீவகம். அவரும் ஓரிடத்து நிற்பவரே. ஓடி எடுக்கவேண்டிய ஓட்டத்தையும் நடந்தே எடுப்பார். ஆயினும் அவர் ஒளி படாத மூலை அந்த அணியில் இருந்ததில்லை.

இதற்குச் சான்று முத்தையா முரளிதரனே. 1995 டிசெம்பர் 26 ஆம் நாள் மெல்பேண் அரங்கில் நடுவர் ஒருவர் அவருடைய பந்தை ஏழுமுறை முறையற்றதென்று அறிவித்தார். பிறவியிலேயே முழுவதும் நிமிராத முழங்கை அவருடையது. அக்கையை உலகம் பிழையென்றது. தலைவர் அவரை விலக்கிவிடவில்லை, மற்றைய முனைக்கு மாற்றிப் பந்தைக் கொடுத்தார். 1999 சனவரியில் அடிலேயிட்டில் மீண்டும் அக்குரல் எழுந்தபோது, தம் வீரர் அனைவரையும் எல்லைக் கோடுவரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தி வைத்தார். ஒரு சிங்களத் தலைவன் ஒரு தமிழ் வீரனின் பொருட்டு உலகின் முன் நின்ற காட்சி அது. முரளியின் தந்தையாருடைய தொழிற்சாலை 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் தீக்கிரையானது என்பதை அறிந்தவர்க்கு அக்காட்சியின் கனம் விளங்கும்.

முரளி எனக்குச் சிலேடை. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது வாவியின் மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் ஆசிரியன். திங்கட்கிழமை தோறும் துறை கடந்து நேரத்துக்குச் சேர்தல் அரிதாகையால், முதல்நாளே சென்று என் மாமி வீட்டில் தங்குவது வழக்கம். மாமியின் மூத்த மகன் என் மச்சான். என்னிலும் இரண்டு வயது மூத்தவர். இளையவன் 1990 ஆம் ஆண்டு ஒருநாட் காலையில் பட்டினத்துக்குச் சென்றான், மீளவில்லை. அவ்வாண்டில் மட்டக்களப்பின் எத்தனையோ வீடுகளில் நிகழ்ந்தது அவ்வீட்டிலும் நிகழ்ந்தது. அவனுடைய சோற்றுக்கோப்பையை மாமி நாள்தோறும் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

அவ்வூரில் மின்சாரம் இல்லை. வானொலிக்கு மின்கலம் கிடைப்பதும் அருமை. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் உழக்க, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்னால் வானொலி பேசும். உழக்கும் கால் ஓய்ந்தால் பேச்சும் ஓயும். அன்று லாகூரில் இறுதி ஆட்டம். அவுஸ்திரேலியா முதலில் ஆடிற்று. மச்சான் என் முகத்தைப் பார்த்தார். பின் தாமே சைக்கிளில் ஏறி அமர்ந்தார்.

"முரளி பந்து போட்டு முடியுமட்டும் உழக்கித் தாறன், மச்சான். மறுகா நீயே உழக்கிக் கேள்."

சொன்னபடியே செய்தார். முரளியின் பத்துப் பரிமாற்றமும் அடுத்தடுத்து அமையவில்லை. ஆயினும் இடையில் அவர் இறங்கவுமில்லை, பேசவுமில்லை. பத்தில் 31 ஓட்டம், ஓர் இலக்கு. வீழ்ந்தவர் ஷேன் வார்ண். முரளியின் பந்தில் முன்வந்து ஏமாந்தவரைக் களுவிதாரண இலக்கைத் தட்டி வெளியேற்றினார். பத்தாவது முடிந்ததும் மச்சான் இறங்கி, தோளிற் சால்வையைப் போட்டுக்கொண்டு வாவிக்கரைப் பக்கம் நடந்தார். படுவான்கரை என்னும் பெயருக்கேற்பப் பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சியதை நானே உழக்கிக் கேட்டேன். வேண்டியது 242. முதலிருவர் 23 ஓட்டத்துக்குள் போயினர். குருசிங்க 65 எடுத்துத் தூணாய் நின்றார். அரவிந்த ஆட்டமிழவாது 107. பந்துவீச்சிலும் மூவரை வீழ்த்தி, இரு பிடிகளும் எடுத்தவர் அவரே. ரணதுங்க ஆட்டமிழவாது 47. 46 பரிமாற்றமும் இரண்டு பந்தும் கடந்தபோது, இறுதி ஆட்டத்தில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்து உலகக் கிண்ணத்தை வென்ற முதல் அணி என்னும் புகழ் இலங்கைக்கு உரியதாயிற்று. என் சட்டை முழுவதும் வியர்வை. கூவுதற்கு வாய் எழுந்தது. அந்த இருட்டில் கூவ எனக்குத் துணிவில்லை.

மாமி விளக்கோடு வாசலுக்கு வந்தார். "ஆரு மனே வெண்டது?" என்றார்.

"நாம, மாமி."

சொன்ன பின்னரே மச்சான் திண்ணையில் வந்து அமர்ந்திருப்பதைக் கண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமியும் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாட் காலை நான் பாடசாலைக்குப் புறப்படும்போது மச்சான் கேட்டார்: "நாங்க வெண்டம் எண்டு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பன். நாம எண்டு எங்களையும் என்னத்துக்குச் சேர்த்தாய்?"

பண்டிதப் பரீட்சையில் தேறியவன் நான். மச்சானோ வயலைக் கற்றவர். கேட்பவரையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மை எது, உளப்படுத்தாதது எது என்னும் இலக்கணத்தை எனக்கு அன்று போதித்தவர் அவரே. அந்த வீட்டில், அந்தத் தாயின் முன்னிலையில், அவரைக் கேளாமலே அவரை ஓர் அணியில் சேர்த்துவிட்டேன். கொம்புமுறியில் ஆட்டம் முடிந்தால் இரு பாலாரும் சென்று நிற்க ஒரு சந்நிதி உண்டு. எங்களிருவர்க்கும் அப்படியோர் இடம் அன்று இருக்கவில்லை. நான் மாமி வீட்டில் தொடர்ந்து தங்கினேன். சோறு வந்தது, சுகம் விசாரித்தார்கள். ஆட்டத்தைப்பற்றி மட்டும் பதினான்கு ஆண்டு ஒரு சொல்லும் எங்களிடையே நிகழவில்லை. இடையில் மாமி காலமானார். கோப்பை கவிழ்ந்தபடியே இருந்தது.

2010 யூலை 22 ஆம் நாள் காணி அலுவலாகப் பட்டினம் வந்த மச்சான் என் வீட்டுக்கு வந்திருந்தார். காலியில் முரளியின் இறுதி டெஸ்ட். நான் அரைநாள் விடுப்பெடுத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதிற் குற்றமில்லை. 800 இலக்குக்கு இன்னும் 8 வேண்டும் என்னும் நிலையில் அந்த ஆட்டத்தைத் தொடங்கியவர், 799 இல் நின்றார். இந்திய அணியில் எஞ்சியது ஒரே இலக்கு. வேறெவரேனும் அதனை வீழ்த்திவிட்டால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். தொலைக்காட்சியை நிறுத்துவதா வேண்டாமா என்று நான் தயங்கினேன். மச்சான், "இரு" என்றார்.

ஓஜா தடுத்த பந்து விளிம்பிற் பட்டுப் பறந்தது. அருகில் நின்றவர் அதைப் பற்றினார். அதுவே டெஸ்ட் ஆட்டத்தில் முரளி வீசிய கடைசிப் பந்து.

மச்சான் நெடுநேரம் திரையையே பார்த்திருந்தார். பின், "பிடிச்சது ஆரு?" என்றார்.

"மஹேல ஜயவர்தன."

"நல்ல பிடி."

அவ்வளவே. டெஸ்டுகளில் முரளி வீச மஹேல பிடித்து வீழ்ந்த இலக்கு 77 என்று நான் சொன்னேன். எழுபத்தேழா என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார். "நாம" என்னுஞ் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் அதை எதிர்பார்க்கவுமில்லை. தேநீர் அருந்தி, துறைக்குப் புறப்பட்டார்.

மறுநாட் பாடவேளையில் என் மாணவனுக்கு விடை கூறினேன். "எனக்குப் பிடித்த அணி சிலேடை. முரளிதரன் பிற்காலத்திற் கைக்கொண்ட தூஸ்ரா என்னும் பந்தை நீ அறிவாய். தூஸ்ரா என்றால் மற்றையது என்று பொருள். அதே கை, அதே மணிக்கட்டு, அதே சிரிப்பு. பந்து இப்புறமும் திரும்பும், அப்புறமும் திரும்பும். சொற்றொடர் பிரியாது நின்றே இரு பொருள் தருதலைச் செம்மொழிச் சிலேடை என்பர். அதில் ஒரு பொருளைக் கொள்ளும்போது மற்றைப் பொருள் பொய்யாகிவிடுவதில்லை. இரண்டும் மெய். இரண்டையும் சுமக்க வல்லதே நல்ல சொல்."

அவன் சற்றுச் சிந்தித்து, "ஐயா, நான் துடுப்பாட்ட அணியைத்தான் கேட்டேன்" என்றான்.

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்று கூறி, தீவகத்தைத் தொடங்கினேன்.