சிவகங்கை ஜமீன் வழக்கு: 34 வருஷ இழுபறி நமக்கு இன்னைக்கும் ஏன் முக்கியம்?

அப்பா சொத்து மகளுக்கா, பெரியப்பா மகனுக்கா? இந்தக் கேள்வி சிவகங்கையில் கிளம்பியது 1829-ல். பதில் வந்தது 1863-ல், அதுவும் லண்டனிலிருந்து.

சிவகங்கைச் சீமையை மருது சகோதரர்கள் கையிலிருந்து பறிக்க நினைத்த கிழக்கிந்திய கம்பெனி, 1801-ல் படமாத்தூர் கௌரி வல்லபரை ஜமீன்தார் ஆக்கியது. அதே வருஷம் அக்டோபர் 24-ம் தேதி மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கௌரி வல்லபர் 1829 வரை ஜமீனை ஆண்டார். மனைவிகள் பலர், மகள்கள் உண்டு, மகன் மட்டும் இல்லை. அவர் கண் மூடியதும் ஜமீன் அண்ணன் மகன் கைக்குப் போனது.

கௌரி வல்லபரின் மனைவி அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டுக்குப் போனார். அவர் காலத்துக்குப் பிறகு, இன்னொரு மனைவியின் மகளான காத்தம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். மதுரை, மெட்ராஸ் என்று அலைந்து, கடைசியில் பிரிவி கவுன்சில்.

எதுல ஜெயிச்சாங்க?

எதிர்த்தரப்பு சொன்னது இதுதான்: அண்ணன், தம்பி பாகம் பிரிக்காத கூட்டுக் குடும்பம். அதனால் மிச்சமிருக்கும் ஆண் வாரிசுக்கே எல்லாம். பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. குடும்பம் பிரியாமலே இருந்திருக்கட்டும். ஆனால் ஜமீன், கம்பெனி கௌரி வல்லபருக்குத் தனியாகக் கொடுத்தது, அவரது சுயார்ஜித சொத்து. அது மனைவிக்கும் அடுத்து மகளுக்கும்தான் போகும், அண்ணன் மகனுக்கு அல்ல.

பழைய கதைன்னு ஒதுக்க முடியாது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 20-ல் தீர்ப்பளித்தபோது இந்த சிவகங்கை வழக்கையும் எடுத்துக் காட்டியது. 1938-ல் ஒருவர் கோர்ட் ஏலத்தில் வாங்கிய நிலம், தம்பி பிள்ளைகளுக்கா, ஒரே மகளுக்கா என்பது பிரச்சினை. கீழ்க்கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் மகள் தரப்பு தோற்றது. உச்ச நீதிமன்றம் மகளுக்கே என்றது. 1956 வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே மகளுக்கு அந்த உரிமை இருந்தது என்பதுதான் அதன் சாரம்.

சரி, இப்ப என்ன ரூல்?

உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் அவரது சுயார்ஜித சொத்து மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் சமபங்கு. அம்மாவுக்கும் பங்கு உண்டு என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அப்பா இந்த முதல் வரிசையில் இல்லை.

மியூச்சுவல் ஃபண்டில் நாமினி போட்டுட்டேன், போதும்னு நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பங்குகள் விஷயத்தில் இதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் பின்னால் ‘இது போலி’ என்று யாராவது கிளம்பினால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கைகொடுக்கும். சொத்து வாங்கப்போகிறவரையே சாட்சியாக நிறுத்தாமல் இருப்பது நல்லது. தன்னால் கணக்கு வழக்கு பார்க்க முடியாத பிள்ளை இருக்கும் வீட்டில், உயிலோடு ஒரு டிரஸ்ட் பற்றியும் வக்கீலிடம் பேசலாம்.

வரி? இறந்தவர் சொத்துக்கான எஸ்டேட் வரி 1985-லேயே போய்விட்டது. அப்பாவின் மனை உங்கள் பெயருக்கு வரும்போது வருமான வரி கிடையாது. அதை விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி. அதற்கு வாங்கிய விலையாக எடுத்துக்கொள்வது அப்பா கொடுத்த விலையை. ஆகவே அவருடைய பழைய கிரயப் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.