எல்லை தாண்டிய சிகிச்சையில் உயிர் போனால்

வழக்கு எங்கே?

கேரளத்தின் வாளையார், சித்தூர் பக்கம் நோய் முற்றினால் கோயம்புத்தூருக்குத்தான் ஓடுகிறார்கள். மறையூர்க்காரர்களுக்கு உடுமலை, பூப்பாறைக்காரர்களுக்கு போடியும் தேனியும். அங்கே சிகிச்சையில் நடந்த அலட்சியத்தால் உயிர் போனால், 'வேறு மாநிலத்தில் யார் கேஸ் நடத்துவது?' என்று குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. முன்பு அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, எதிர்த்தரப்பு இயங்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் தர முடியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய வழிவிட்டது. இறந்தவரின் வாரிசும் புகார்தாரர் ஆகலாம். ஆகவே கோவை மருத்துவமனைமீது பாலக்காட்டிலேயே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டு; துக்கத்தில் அது சீக்கிரம் கரைந்துவிடும்.

'காசு கொடுக்கவில்லையே'

தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் தயக்கம் வேறு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பில் கிடையாது, பிறகு எப்படிக் கேட்பது என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி.சாந்தா வழக்கில் இதற்கு நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறது: வேலை நிபந்தனையின் பகுதியாக முதலாளி செலவை ஏற்கும் சிகிச்சை, தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் இலவசம் ஆகாது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை, அரசுடையதோ தனியாருடையதோ, நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அரசு மருத்துவமனை என்றால் சிவில் நீதிமன்றத்தில் அரசிடம் இழப்பீடு கேட்கலாம்.

முதல் நாட்களே முக்கியம்

என் பார்வையில் வழக்கின் பலம் வக்கீலைவிடக் கேஸ் ஷீட்டில்தான் இருக்கிறது. இரவு 2 மணிக்கு ரத்த அழுத்தம் சரிந்ததாக நர்ஸ் குறித்திருக்க, டாக்டர் பார்த்த குறிப்பு காலை 7 மணிக்குத்தான் இருந்தால், அந்த ஐந்து மணி நேரத்துக்கு மருத்துவமனை பதில் சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது வராது. மருந்து கொடுத்த நேரம், நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை, 72 மணி நேரத்துக்குள் தரச் சொல்கிறது. சாவில் சந்தேகம் இருந்தால், உடலை எடுப்பதற்கு முன்பே மருத்துவமனை இருக்கும் ஊர்க் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கோர வேண்டும். எல்லை தாண்டி வந்து அடக்கம் முடிந்தபின் அந்தச் சான்று திரும்பக் கிடைப்பது மிகக் கடினம். கோபத்தில் கண்ணாடியை உடைத்தாலோ, நம்மீதே வழக்கு வரும்.

டாக்டர்கள் பயந்துவிட மாட்டார்களா?

கை வைக்கவே பயப்படுவார்கள் என்ற கவலையை ஒதுக்க முடியாது. மலையில் நிபுணர்களே குறைவு. ஆனால் சட்டம் எல்லாச் சாவையும் குற்றமாக்கவில்லை. பெரும் அலட்சியம் இருந்தாலொழியக் கிரிமினல் வழக்கு இல்லை என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொன்னது. நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு தவறிப்போனது மட்டுமே அலட்சியம் ஆகாது என்றும் சொன்னது. நிரூபிக்கும் பொறுப்பு குடும்பத்துடையது. 'டாக்டருக்கு எதிராக எந்த டாக்டர் சாட்சி சொல்வார்?' என்பதும் உண்மையான சிரமம்தான். அதனால்தான் எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010இல், மலேரியாவை டைபாய்டு என்று பார்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பணம் இல்லை என்று தயங்குகிறவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சிகிச்சைக்குக் கட்டியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.