வைத்தியம் முடிந்த பிறகு

1985ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த டகோமா நகரத்துப் பல்கலைக்கழக மைதானம் ஒன்றில், கார்டி கிளாட் என்னும் ரண சிகிச்சை நிபுணர் வட்டப் பாதையில் ஓடத் தொடங்கினார். பெருங்குடல் வியாதிகளுக்குச் சிகிச்சை செய்வதே தொழிலாகக் கொண்டவர் அவர். புற்றுநோயாளிகள் படும் வேதனையைத் தினந்தோறும் கண்ணால் கண்டவர். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குத் தம்மால் இயன்ற பொருளைத் திரட்டித் தர வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, தமக்கு மிகவும் பிரியமான நெடுந்தூர ஓட்டத்தையே அதற்குச் சாதனமாக்கிக்கொண்டார். ஒரு பகலும் ஒரு இரவும், அதாவது முழுதாக 24 மணி நேரம், அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி 83 மைலுக்கு மேல் ஓடியும் நடந்தும் கடந்தார். நண்பர்களும் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களும் வந்து பார்த்தார்கள். ஆளுக்கு 25 டாலர் கொடுத்து, அரை மணி நேரம் அவரோடு கூடவே சிலர் ஓடினார்கள், சிலர் நடந்தார்கள். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது 27,000 டாலர் சேர்ந்திருந்தது.

புற்றுநோய்க்கு ஆகும் செலவைக் கொஞ்சமேனும் அறிந்தவர்களுக்கு அந்தத் தொகை அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அந்த இரவில் தோன்றிய யோசனை பெரிது. மறு ஆண்டு, தனி ஒருவர் ஓடிய இடத்தில் 19 குழுக்கள் வந்து முறை போட்டுக்கொண்டு நடந்தன. 33,000 டாலர் திரண்டது. பிறகு ஊர் ஊராகப் பரவி, ‘ரிலே ஃபார் லைஃப்’ என்ற பெயரோடு கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய பல தேசங்களிலும் அந்த நடை வேரூன்றியது. இன்றுவரை அது உலகெங்கும் சேர்த்த மொத்தத் தொகை 600 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இதில் பெருந்தனவந்தர்களின் காசோலைகளைவிட, ஓர் அலுவலகத்தின் குமாஸ்தாக்களும், ஒரு பள்ளிக்கூடத்தின் உபாத்தியாயர்களும், ஒரு தேவாலயத்தின் அங்கத்தினர்களும், கேக் சுட்டு விற்றும், கார்களைக் கழுவிக் கொடுத்தும், தமக்குத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டும் சேர்த்த சில்லறையே முக்கியமானது. தெரிந்தவர் கேட்கும்போது கொடுப்பவனுக்குப் பணம் மட்டும் கைமாறுவதில்லை. இன்னார் வீட்டில் இந்த வியாதி வந்திருக்கிறது, இன்னாருக்கு உதவி தேவைப்படுகிறது என்ற செய்தியும் மாறுகிறது. அந்தச் செய்திக்கு உள்ள மதிப்பைப் பணத்துக்குச் சற்றும் குறைந்ததாக நான் கருதவில்லை.

அந்த நடையின் கிரமத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் சுற்றை நடப்பவர்கள், புற்றுநோய் கண்டு மீண்டவர்களும் இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களும் மாத்திரமே. கத்தரிப்பூ நிறச் சட்டை அணிந்து, சிலர் வேகமாகவும், சிலர் கோலூன்றியும், சிலர் சக்கர நாற்காலியில் அமர்ந்தும் அவர்கள் வர, மைதானத்தின் இரு மருங்கிலும் நிற்கும் ஊர்ஜனங்கள் கைதட்டி வரவேற்கிறார்கள். அடுத்து, இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்த மனைவியும் கணவனும் மக்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். அதன் பின்னரே குழுக்களின் முறை வருகிறது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் எந்நேரமும் ஒருவராவது பாதையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வியாதிக்காரனுக்கு இரவு என்று ஓய்வு கிடையாது, ஆகவே நமக்கும் வேண்டாம் என்பதே அதன் கருத்து.

இருட்டிய பின் நடப்பது வேறு. பலகாரம் மடித்துத் தருவது போன்ற சாதாரண வெள்ளைக் காகிதப் பைகள் பாதையின் ஓரம் நெடுக வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கை மணல். மணலில் ஊன்றிய சிறு மெழுகுவர்த்தி. பையின் முகப்பில் யாரோ ஒருவரின் பெயர், சில பைகளில் குழந்தையின் கோணல் எழுத்தில் ‘பாட்டிக்கு’ என்று மாத்திரம். காற்றில் சாயாமல் மணல் பையைப் பிடித்துக்கொள்கிறது. மைதானத்து விளக்குகளை அணைத்துவிட்டு, பேசாமல் எல்லோரும் அந்த வெளிச்சத்தில் நடக்கிறார்கள். முதல் சுற்றில் இருந்த உற்சாகம் உண்மையானது என்பதற்கு இந்தத் துக்கமே சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. மீண்டவர்களை மட்டும் கொண்டாடி, மீளாதவர்களை மறைத்துவிடும் விழாவாக அது இருந்திருந்தால், அடுத்த வீட்டில் ஒரு மரணத்தைக் கண்டவர்கள் அங்கே வந்து நிற்க மனம் கூசியிருப்பார்கள்.

டாக்டர் கிளாட் ஓடிய அதே 1985ஆம் ஆண்டில் இன்னொரு வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்பது அவர் பெயர். பத்து ஆண்டுகளுக்கு முன், முப்பத்திரண்டாம் வயதிலேயே மார்புக்குள் கட்டி கண்டு, கடுமையான சிகிச்சைகளுக்கு உள்ளாகிப் பிழைத்தவர். நோய் கண்ட நாளிலிருந்து மனிதன் கடக்கும் காலத்தை அவர் மூன்று பருவங்களாகப் பிரித்தார்: சிகிச்சையே வாழ்வாகிவிட்ட முதற் பருவம், சிகிச்சை நின்றபின், திரும்பி வந்துவிடுமோ என்ற திகிலும் சரீர பலவீனமும் சேர்ந்து வாட்டும் இரண்டாம் பருவம், ஏறக்குறைய குணமாகிவிட்டார் என்று சொல்லத்தக்க மூன்றாம் பருவம். இவற்றுள் இரண்டாவதை வைத்திய உலகம் கவனிக்கவே இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. மறு ஆண்டே, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் அவரும் அவரைப் போன்ற சிலரும் கூடி, மீண்டவர்களுக்கென்றே ஒரு தேசியக் கூட்டமைப்பை ஸ்தாபித்தார்கள்.

அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு நியாயமானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் வீட்டில் எல்லோரும் சூழ்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரி தேதி, மருந்துச் சீட்டு, கீமோ, நம்மவர்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு என ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரியம் இருக்கும். ‘இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்’ என்று டாக்டர் சொல்லும் நாளில் வீடு பெருமூச்சு விடுகிறது. அவரவர் தத்தம் வேலைக்குத் திரும்புகிறார்கள். அன்றுதான் நோயாளி தனிமையை உணர்கிறார். மார்பகத்தோடு அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் எடுத்ததால் கை வீங்கிக்கொண்டே போகிறது. கழுத்தில் கதிர் பட்டதால் உமிழ்நீர் வற்றி ஒரு கவளம் சோறு தொண்டையில் இறங்க மறுக்கிறது. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீர்வதில்லை. பழைய வேலை கிடைக்குமா, பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இதை வெளியில் சொல்லலாமா, இந்த முதுகு வலி வெறும் முதுகு வலிதானா என்னும் கேள்விகளுக்கெல்லாம் மருந்துச் சீட்டில் விடை கிடையாது. அமெரிக்காவில் 1971இல் இப்படி மீண்டு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர். 2022இல் ஒரு கோடியே 80 லட்சம் பேர். வைத்தியம் முன்னேற முன்னேற இந்தக் கூட்டம் பெருகத்தான் செய்யும்.

இவர்களுக்கு எது உதவி என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நிபுணர்கள் அல்லர். 1952இல் நியூயார்க்கின் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் டெரீஸ் லாஸர் என்னும் மாதுக்கு மார்பகத்தை அகற்றும் ரண சிகிச்சை நடந்தது. அக்காலத்து வழக்கப்படி மார்புத் தசைகளையும் சேர்த்து அகற்றிவிடுவார்கள். இனிக் கையை எப்படி உயர்த்துவது, உடை எப்படி உடுத்துவது, கணவனிடம் என்ன பேசுவது என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. தாமே பழகிக் கற்றுக்கொண்டதைப் பிறருக்குச் சொல்ல அவர் புறப்பட்டார். டாக்டர்களின் அனுமதியைக்கூட எதிர்பாராமல், அறுவை முடிந்து படுத்திருக்கும் பெண்களின் அறைகளுக்குள் அவர் நேரே போய்விடுவார். சில ஆஸ்பத்திரிகள் அவர் வரக்கூடாது என்று தடுத்ததும் உண்டு. அவர் கொடுத்த பொருள்கள் மிக எளியவை. சட்டைக்குள் வைத்துக்கொள்ள மிருதுவான ஒரு திண்டு, கையால் பிசைய ஒரு ரப்பர் பந்து, இழுத்துப் பழக ஒரு கயிறு. சுவரின் முன் நின்று விரல்களால் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக மேலே ஏறி, நேற்று தொட்ட இடத்துக்குச் சற்று மேலே இன்று தொடுவது அவர் சொல்லித் தந்த பயிற்சிகளில் ஒன்று. ஆனால் அந்தப் பெண்களுக்கு அவர் கொண்டுவந்தவற்றில் தலையாயது, இதே அறுவைக்குப் பின் நிமிர்ந்து, நன்றாக உடுத்தி, சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற அவருடைய சொந்த உருவமே. இந்த இயக்கத்தை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னோடு இணைத்துக்கொண்டது.

குரல்வளை எடுக்கப்பட்டவர்களின் கதையும் இத்தகையதே. குரல் போன ஒருவருக்கு, காற்றை விழுங்கி உணவுக்குழாய் வழியாக ஏப்பம் போல வெளிவிட்டு, அதையே பேச்சாக்கிக்கொள்ளும் வித்தையைக் கற்றுத்தர, அவ்வாறே பேசப் பழகிய இன்னொருவரைவிடத் தகுந்த ஆசான் கிடையாது. அத்தகையவர்களின் சங்கங்கள் பல அமெரிக்காவில் தோன்றி, அவை ஒன்றாகி, 1952இல் ஒரு சர்வதேச அமைப்பாயின.

ஆறுதல் மட்டும் போதாத இடங்களும் உண்டு. அங்கேதான் திரட்டிய பணம் வேலை செய்கிறது. கதிர்வீச்சு சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜையில் படுத்திருக்கும் நேரம் சில நிமிஷங்களே. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்கள் தொடர்ந்து போக வேண்டும். நூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் நோயாளிக்குச் சிகிச்சையைவிடத் தங்குவதே பெரும் சிரமம். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்து, தென் கரோலினா மாநிலத்துச் சார்லஸ்டன் நகரில் குடியேறிய மார்கோ ஃப்ராய்டன்பெர்க் என்னும் அம்மையார் இதை உணர்ந்து அயராது முயன்றதன் பயனாக, 1970இல் அங்கே ‘ஹோப் லாட்ஜ்’ என்ற முதல் விடுதி திறக்கப்பட்டது. நம் பாஷையில் சொன்னால் அது ஒரு சத்திரம். நோயாளியும் துணைக்கு வருபவரும் வாடகை கொடுக்காமல் சிகிச்சை முடியும்வரை தங்கலாம். அங்கே சமையலறை எல்லோருக்கும் பொது. அந்த அடுப்பங்கரைப் பேச்சிலேயே பாதிப் பயம் தெளிந்துவிடும். இன்று அத்தகைய விடுதிகள் பல இருக்கின்றன. அவற்றைப் போலவே, தம் சொந்தக் காரில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் தொண்டர்களின் ஏற்பாடும் நடந்து வருகிறது. வண்டி இல்லாத காரணத்தால் சிகிச்சையை நடுவில் விட்டவர்கள் எத்தனையோ பேர் என்பதை நினைத்தால், அந்தத் தொண்டனின் பெட்ரோலும் ஒரு மருந்துதான்.

பொதுஜனங்களின் நன்கொடையால் பெரிய காரியம் நடக்குமா என்று ஐயப்படுபவர்கள் அடையாற்றை நினைத்துப் பார்க்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தவர். அந்தத் துயரத்தை மனத்திலேயே புதைத்து வைக்காமல், இந்திய மாதர் சங்கத்தின் பேரால் நிவாரண நிதி திரட்டி, 1952 அக்டோபரில் நேருவின் கையால் அடிக்கல் நாட்டுவித்து, 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். இன்று நாடறிந்த அடையாறு புற்றுநோய் நிலையம் அதுவே.

இத்தகைய இயக்கங்களில் கவனிக்க வேண்டிய ஆபத்தும் ஒன்று உண்டு. கொண்டாட்டம் பெரிதாகப் பெரிதாக, மேடைக்கும் சட்டைக்கும் விளம்பரத்துக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு நோயாளியின் கைக்குப் போயிற்று என்ற கணக்கைக் கேட்பது கொடுப்பவனின் உரிமை. கேட்காமலே காட்டுவது சேர்ப்பவனின் கடமை. மீண்டவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் ஊர் முன்னால் வர வேண்டும் என்று நிர்ப்பந்திப்பதும் தவறு. வெளியில் சொல்ல விரும்பாதவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். இந்த நடையைத் தொடங்கிவைத்த டாக்டர் கிளாட்டையும் நோய் விட்டுவைக்கவில்லை. 2012இல் அவருக்கு இரைப்பையில் புற்றுநோய் கண்டது. 2014 ஆகஸ்டில் அவர் காலமானார். தாம் பிறருக்காகத் தொடங்கியதன் நிழலிலேயே அவரும் கடைசியில் நின்றார்.

நம் தெருக்களில் இந்த வியாதியின் பெயரை இன்னும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். மைதானமும் மெழுகுவர்த்தியும் நமக்குக் கட்டாயம் இல்லை. வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் ஊரில் ஒருவர் ஆறு வாரம் ‘கரண்ட்’ வைத்துக்கொள்ளப் பட்டணம் போகிறார் என்றால், அவரோடு எந்தக் கிழமை நீங்கள் துணைக்குப் போகலாம் என்று கேளுங்கள், நீங்களே மீண்டவராக இருந்தால், உங்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டரிடம் சொல்லிவைத்து, புதிதாக வந்து பயந்திருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுங்கள், உங்கள் சங்கமோ மன்றமோ ஆண்டுதோறும் ஒரு விழா நடத்துமானால், அந்த வசூலில் ஒரு பங்கை ஒரு நோயாளியின் பஸ் கட்டணத்துக்கும் தங்கும் செலவுக்கும் ஒதுக்கி, அதன் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதி வையுங்கள்.