அழும் குழந்தைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்

மாலை நேரம். வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். அரிசி களைய வேண்டும். அப்போது பார்த்து மூன்று வயதுக் குழந்தை அழுகிறது. சேலையைப் பிடித்து இழுக்கிறது. தூக்கினாலும் அழுகை. இறக்கினாலும் அழுகை. முதுகில் இரண்டு வைக்கலாமா என்று கை ஓங்குகிறது.

கொஞ்சம் பொறுங்கள். "எனக்குக் களைப்பாக இருக்கிறது", "பகல் முழுவதும் உன்னைத் தேடினேன்" என்று சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. அதனால் அழுகிறது. அடித்தால் பயமும் சேரும். அழுகை கூடும்.

பசியா, தூக்கமா, காய்ச்சலா என்று முதலில் பாருங்கள். எறும்பு கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதெல்லாம் இல்லையா? அப்படியானால் குழந்தையின் கைகளுக்கு வேலை கொடுங்கள்.

அகலமான ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரம் போதும். இரண்டு தம்ளர், ஒரு கரண்டி, ஒரு பழைய டீ வடிகட்டி கொடுங்கள். உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். அடுப்பு மட்டும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

குழந்தை தண்ணீரை மொள்ளும். ஊற்றும். மறுபடி மொள்ளும். நமக்கு இது சலிப்புத் தரும். குழந்தைக்கு அலுக்காது. கையில் குளிர்ச்சி படுகிறது. காதில் சலசல என்று சத்தம் விழுகிறது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. கவனம் அழுகையை விட்டுக் கைக்குப் போகிறது. மெல்ல மெல்ல விசும்பல் நிற்கிறது.

ஓர் இலையை மிதக்க விடுங்கள். கைப்பிடி அளவுக் கல் ஒன்றைப் போடுங்கள். இலை மிதக்கும். கல் மூழ்கும். குழந்தை உங்களை நிமிர்ந்து பார்க்கும். "ஆமாம், கல்லு உள்ளே போயிடுச்சு" என்று சொல்லுங்கள். அது போதும். பாடம் நடத்த வேண்டாம்.

உங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா? அரிசி களைந்த நீரைக் கொடுங்கள். விளையாடி முடிந்ததும் செடிக்கு ஊற்றிவிடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீரோடு குழந்தையைத் தனியே விடவே கூடாது. வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலும் ஆபத்துதான். தலைகுப்புற விழுந்த சிறு குழந்தையால் தானே எழ முடியாது. வாசலில் யாராவது கூப்பிட்டால் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போங்கள்.

சப்பாத்தி போடும் நாளில் வேறு எதுவும் தேட வேண்டாம். பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு கிள்ளிக் கொடுங்கள். குழந்தை உருட்டும், தட்டும், பிய்க்கும். கோபமாக இருக்கும் குழந்தை மாவை ஓங்கிக் குத்தும். குத்தட்டும். மாவுக்கு வலிக்காது!

பயறு, புளியங்கொட்டை, மணி இவற்றைச் சிறு குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். வாயில் போட்டால் தொண்டை அடைக்கும். மூக்கிலும் திணித்துக்கொள்ளும். குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகு, நீங்கள் கூடவே இருந்தால், கலந்த பயறைப் பிரிக்கச் சொல்லலாம்.

இதெல்லாம் புதிய சங்கதி அல்ல. மராட்டியத்தில் போர்டி என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. அங்கே 1945இல் தாராபாய் மோடக் என்ற அம்மையார் கிராமத்துக் குழந்தைகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். அனுதாய் வாக் என்பவர் அவருக்குத் துணையாக இருந்தார். விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான்கள் வாங்க வசதி இல்லை. விதை, இலை, கல், சிப்பி என்று ஊரில் கிடைத்ததைக் கொண்டே குழந்தைகளை விளையாட வைத்தார்கள். பள்ளிக்கு வராத குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே போனார்கள். முற்றத்துக்கு அவர்கள் மொழியில் 'அங்கண்' என்று பெயர். அங்கன்வாடி என்ற சொல்லுக்குள் இருப்பதும் அந்த முற்றம்தான்.

"செல்போனைக் கொடுத்தால் உடனே அழுகை நிற்கிறதே" என்பீர்கள். நிற்கும். ஆனால் பிடுங்கும்போது இன்னும் பலமாக அழும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு ஓர் அளவு சொன்னது. ஒரு வயதுக் குழந்தைக்குச் செல்போன், டிவி வேண்டவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை, நாள் ஒன்றுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது. அதிலும் குறைவாக இருந்தால் நல்லது.

எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் பிடிக்காது. சில குழந்தைக்குக் கையில் மாவு ஒட்டினாலே பிடிக்காது. வற்புறுத்தாதீர்கள். ஒரு கரண்டியைக் கொடுத்துக் கிளறச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய பருத்திச் சேலையைக் கொடுங்கள். அதைப் போர்த்திக்கொண்டு ஒளிந்து விளையாடட்டும்.

சில குழந்தைகள் சாதாரணச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறும். யார் தொட்டாலும் பொறுக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. இது நாள்தோறும் நடந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லுங்கள். குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்க அரசு மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். 2013இல் தொடங்கிய திட்டம் இது. குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று குழந்தையைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.